ஏரிக்கரைக்குப் போன குப்பை

அவளை எல்லாரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நகராட்சியில் கவுன்சிலராக இருந்த காலத்திலும் அந்தப் பெயர் மாறவில்லை. வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்தவள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல எல்லாரையும் மேல ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் கீழயே நிக்கிறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஒரே மகள். வாடகை வீடுதான், ஆனால் அந்தத் தெருவில் அவள் சொன்னால் தண்ணீர்க் குழாய்ச் சண்டைகூட நின்றுவிடும்.

தெருவுக்குப் பின்னால் குப்பைமேடு இருந்தது. அவள் கல்யாணமாகி அங்கே குடிவந்தபோது அது மேடு இல்லை, பள்ளம். பள்ளத்தை நிரப்பத்தான் நகராட்சி குப்பையைக் கொட்ட ஆரம்பித்தது. பள்ளம் நிறைந்த பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாடிவீட்டு மொட்டைமாடியைத் தாண்டி அது வளர்ந்தது. உள்ளுக்குள் எப்போதும் ஏதோ ஒரு மூலையில் கனன்றுகொண்டே இருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். கதவிடுக்கில் ஈரத்துணி செருகுவார்கள். டெய்லரம்மா தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுவாள். கொடியில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் மிளகு தூவினதுபோல் கரும்புள்ளி விழுந்திருக்கும்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பக்கத்து அறையில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும், அடைத்த கதவுக்குப் பின்னால் பூனை முனகுவதுபோல. ஒருநாள் பள்ளிக்கூட மாடிப்படியில் பிள்ளை மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்கும் மாஸ்க்கை முகத்தில் மாட்டிவிட்டு டாக்டர் சொன்னார்:

"மருந்து எவ்வளவு குடுத்தாலும் இதுதாம்மா. முடிஞ்சா வீட்டை மாத்திடுங்க."

"நான் மாத்திடலாம் டாக்டர். தெருவுல இன்னும் இத்தனை பிள்ளைங்க இருக்கே, அதுங்கள எங்க கூட்டிட்டுப் போறது?"

டாக்டர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மார்களில் பாதிப்பேர் அவள் தெருக்காரிகள்.

அடுத்த வாரமே அவள் பெண்களைத் திரட்டினாள். மனு கொடுத்தார்கள். நகராட்சி அலுவலகத்தில் "பாக்கறோம்" என்றார்கள். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் காலையில் டெய்லரம்மா தன் மிஷின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை லாரி வரும் பாதையில் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே ஆளுக்கொரு நாற்காலி, முக்காலி, பக்கெட் என்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். லாரிகள் சாலை முழுக்க வரிசைகட்டி நின்றன. ஊர் நாறியது. அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக நகராட்சித் தலைவர் அந்தத் தெருவுக்கு வந்தார்.

தலைவர் ஜவுளிக்கடைக்காரர். சிரித்த முகம். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார், செய்யவும் மாட்டார். "தெருவுல உக்காந்து என்னம்மா ஆகப்போவுது? தேர்தல் வருது. வந்து சபையில உக்காருங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அவள் நிஜமாகவே நின்றுவிட்டாள்.

"சும்மாவே நீ பேசினா நிறுத்தமாட்டே, இனி மைக்கும் குடுக்கப்போறாங்களா?" என்றான் புருஷன். ஆனாலும் வேலை முடிந்து வந்து வீடு வீடாகக் கூடவே நடந்தான். அவள் ஜெயித்தாள். அந்தத் தெருவில் அன்று வயசான பெண்கள்கூட ரோட்டில் நின்று கை தட்டினார்கள்.

சபையில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. ஊரின் ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் இல்லை, இந்தப் பழைய மேஜைகள் போட்ட அறையில் இருக்கிறது. எந்தச் சாக்கடை மூடப்படும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்தப் பிள்ளை யார் வீட்டுப் புகையைக் குடிக்கும் என்பதெல்லாம் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது இங்கே முடிவாகிவிடுகிறது. பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் முடிவாகிவிடுகிறது.

அங்கே ஒரு இன்ஜினியர் இருந்தாள். சுகாதாரப் பிரிவு. அதிகம் பேசாதவள். அவள் ஒரு யோசனை சொன்னாள். குப்பையை வீட்டிலேயே இரண்டாகப் பிரிக்கட்டும். காய்கறித் தோல், மிச்சம் மீதி எல்லாம் அந்தந்த வார்டிலேயே ஒரு கொட்டகையில் உரமாகட்டும். மிச்சம் இருக்கிற பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் விற்றுவிடலாம். ஊருக்கு வெளியே கொட்ட வேண்டியது கைப்பிடி அளவுதான் இருக்கும். மேடும் வேண்டாம், தீயும் வேண்டாம்.

சபை முழுக்கத் தலையாட்டியது. தலைவரும் ஆட்டினார். "அருமையான யோசனை. அப்போ முதல் கொட்டகையை யார் வார்டுல போடலாம்?" என்று கேட்டார்.

ஒருவர் பேனாவை மூடித் திறந்தார். இன்னொருவர், "எங்க வார்டுல இடமே இல்லைங்க" என்றார். இருக்கிற இடத்தில் அவர் போன மாசம்தான் கல்யாண மண்டபத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

"எங்க வார்டுல போடுங்க" என்றாள் டெய்லரம்மா. "சனங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் காலியிடத்தில் தெருப் பெண்களைக் கூட்டினாள். லாரிக்கு முன்னால் கூடவே உட்கார்ந்த அதே பெண்கள். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் எழுந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் இவள் பக்கத்தில் எத்தனையோ தடவை பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

"மலையைத் தள்ளத்தானே உன்னை அனுப்பினோம்? நீ என்னடான்னா கூடையில மொண்டு வாசலுக்கே கொண்டு வரேங்கிறியே."

"அது நாறாதுக்கா. ஒழுங்கா பாத்துக்கிட்டா மண்ணு வாசனைதான் வரும்."

"ஒழுங்கா யாரு பாப்பா? இத்தனை வருஷம் யாரு பாத்தா? இன்னைக்குக் கொட்டகைன்னு சொல்வாங்க, நாளைக்கு அதுவே மலையாகும். எங்களுக்கு வேணாம். எங்க பங்குப் புகையைக் குடிச்சு முடிச்சுட்டோம்."

நகராட்சியை நம்பு என்று டெய்லரம்மா எந்த வாயால் சொல்வாள்? நம்பக்கூடாது என்று தெருத்தெருவாகச் சொன்னவளே அவள்தான்.

தலைவரிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"நீங்க முயற்சி பண்ணீங்க, அதுவே பெரிசு. இப்போ நடக்கிற காரியத்தைப் பேசுவோம். ஏரிக்கரையில நம்ம நிலம் சும்மா கிடக்கு. அங்க ஆளே கிடையாது. எங்கயாவது கொட்டித்தானேம்மா ஆகணும், ஆகாசத்துலயா கொட்ட முடியும்?"

ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏரிக்கரையில் அவளுடைய சொந்தத் தங்கை இருந்தாள். தங்கையும் தங்கை புருஷனும் அங்கே ஒரு துண்டு நிலத்தில் நர்சரி வைத்திருந்தார்கள். பூச்செடி, நிழல்மரக் கன்று, தொட்டிச் செடி. ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் அங்கேதான் வாங்குவார்கள். சுற்றிலும் இருந்த வீடுகளில் கூலிக்காரர்களும் சலவைத் தொழிலாளிகளும் குடியிருந்தார்கள். வீடு இருந்தது, ஆள் இருந்தது. சபையில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் நகராட்சி எல்லைக்கு வெளியே. அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது.

"அங்க வீடுங்க இருக்குங்க" என்றாள்.

"இருக்கட்டும். சுத்தி மதில் கட்டுவோம். உள்பக்கம் மரம் வைப்போம். அடியில தண்ணி இறங்காம ஷீட் போடுவோம். எல்லாத்தையும் தீர்மானத்துலயே எழுதிடுவோம். நீங்களே எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அவளே எழுதினாள். மதில், மரம், ஷீட், தீயணைக்கத் தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து எழுதினாள். எழுத எழுத அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஓட்டெடுப்பு நடந்த அன்று காலையில் மகளுக்கு மறுபடி இழுப்பு வந்து, ஆவி பிடிக்கவைத்துவிட்டுத்தான் சபைக்குப் போனாள். கை தூக்கச் சொன்னபோது தூக்கினாள். இன்ஜினியர் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கையிடம் சொல்லத்தான் இரண்டு தடவை பஸ் ஏறினாள். முதல் தடவை நர்சரியில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் தடவை யாரும் இல்லை. தங்கை புருஷன் ஒரு தொட்டியில் வெள்ளைப்பூச் செடியை எடுத்துக் கொடுத்து, "கவுன்சிலரக்காவுக்கு" என்று சிரித்தான். வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். கடைசியில் சொன்னது லாரிகள்தான்.

முதல் லாரிகள் போன அன்று சாயங்காலமே தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீ கை தூக்கினியா?"

"தூக்கினேன்."

"நாங்க அங்க இருக்கோம்னு உனக்கு ஞாபகம் வரலையா?"

"மதில் கட்டுவாங்கடி. மரம் வைப்பாங்க. எல்லாம் எழுதி வாங்கியிருக்கேன். இங்க இருந்த மாதிரி இருக்காது."

"முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"ஸ்டூலைப் போட்டு லாரிக்கு முன்னாடி உக்காந்திருப்பேன். உன்னைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்."

டெய்லரம்மா தலை குனிந்துகொண்டாள். உள்ளே மகள் படித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. தங்கை அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "பிள்ளைக்குத் தேவலையா?" என்று கேட்டாள். "தேவலை" என்றதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய மேட்டை மண் கொட்டி மூடினார்கள். புல் போட்டு, நடைபாதையும் படியும் போட்டு, பெஞ்சு போட்டுப் பூங்கா ஆக்கினார்கள். அதைக் கொண்டுவந்தவளும் டெய்லரம்மாதான். விரட்டி விரட்டிச் செய்ய வைத்தாள். ஒரு வருஷத்துக்குள் தெருவின் முகமே மாறியது. கதவிடுக்கில் ஈரத்துணி வைப்பது நின்றது. மகள் ஓடிப்போய்ப் படி ஏறி மேலே நின்று கூப்பிட்டாள். அதைப் பார்த்த அன்று டெய்லரம்மா அடுப்படியில் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், ஆனால் அந்த அழுகை நடுவில் எங்கேயோ திசைமாறிவிட்டது.

ஏரிக்கரையில் மதில் பாதி எழும்பி நின்றுவிட்டது. வைத்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போடவில்லை, கருகின. ஷீட் வரவேயில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டாள். "நிதி வரட்டும்மா" என்பார் தலைவர். அவள் தீர்மானத்தைப் படித்துக் காட்டுவாள். "நான் இல்லேன்னா சொன்னேன்? நிதி வரட்டும்." மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஊருக்குள் நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாத இடத்தில் குப்பையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? கல்லில் நார் உரித்த கதைதான்.

தன் வார்டிலாவது குப்பையைப் பிரிக்க வைக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பச்சைக் கூடையும் நீலக் கூடையும் கொடுத்தாள். பெண்கள் மனசு வைத்துப் பிரித்தார்கள். ஒருநாள் லாரிக்குப் பின்னால் நடந்தே போய்ப் பார்த்தாள். தெருக்கோடியில் இரண்டு கூடையையும் ஒரே தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா, அவங்க பிரிச்சுக் குடுக்கறதை நீங்க கலந்துடறீங்களே?"

"லாரி ஒண்ணுதானேம்மா இருக்கு" என்றான் டிரைவர். "ரெண்டு லாரி குடுங்க, ரெண்டா கொண்டு போறோம். எங்களுக்கு மட்டும் இதுல முங்கி எழ ஆசையா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. இரண்டாவது லாரிக்கு எழுதினாள். அந்த வருஷம் நகராட்சி தலைவருக்குப் புதுக் கார் வாங்கியது.

ஏரிக்கரைக் கிணறுகளில் தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. முதலில் டீத்தூள் நிறம், பிறகு அதைவிடக் கறுப்பு. நர்சரியில் அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சினார்கள். வேறு வழியில்லை. இலை ஓரம் சுருண்டது. வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காரை விட்டு இறங்காமலே திரும்பினார்கள். தங்கை புருஷனுக்கு இருமல் ஆரம்பித்தது. டெய்லரம்மா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு மட்டும் தங்கை குறுக்கே நிற்கவில்லை, ஆனால் கூடவும் வரவில்லை.

"சிகரெட் குடிப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"சின்ன வயசுல குடிச்சேன். விட்டு ரொம்ப வருஷமாச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டார். அதனாலா, புகையினாலா, தண்ணீரினாலா என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றார். யாராலும் அதைச் சொல்ல முடியவில்லை, கடைசிவரை சொல்லவுமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கக்கா. உங்க இடத்துல நான் இருந்தாலும் என் பிள்ளையைத்தான் பாத்திருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பேச்சு அவளை அரித்தது. அடுத்த கோடையில் ஏரிக்கரை மேட்டில் தீ பிடித்து வாரக்கணக்கில் அணையாமல் எரிந்தது. தீர்மானத்தில் அவள் எழுதிய தண்ணீர்த் தொட்டி அங்கே இல்லை. அந்தப் புகையிலேயே அவன் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டில் தங்கை அவளை உள்ளே விட்டாள், தண்ணீர் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. யார் அழுகிறார்கள், யாருக்குக் கண் எரிகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த தேர்தலில் டெய்லரம்மா தோற்றுப்போனாள்.

அவள் தெரு அதற்குள் வேறு தெருவாகியிருந்தது. பூங்கா வந்ததும் நில விலை ஏறியது. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். எதிர்வீட்டு அம்மாள் விற்றுவிட்டு மகனோடு போய்விட்டாள். ஓட்டுக் கேட்கப் போனபோது பூங்காவைப் பார்த்த பால்கனியில் நின்று ஒரு இளம்பெண் கேட்டாள்:

"நீங்க எங்களுக்கு என்ன செஞ்சீங்க, மேடம்?"

"இந்தப் பூங்கா இருக்கிற இடத்துல முன்னாடி குப்பைமேடு இருந்துச்சும்மா."

"அப்படியா?" என்றாள் அந்தப் பெண், முகம் சுளித்து. "புரோக்கர் சொல்லவே இல்லையே."

வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்து, தானும் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அந்த வார்டில் வேறு வீடு பார்த்தார்கள். கேட்ட வாடகைக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் சம்பளமும் தையல் வருமானமும் சேர்ந்தும் எட்டவில்லை. பக்கத்து வார்டுகளிலும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் அவர்கள் கைக்கு அடக்கமாக வீடு கிடைத்தது ஏரிக்கரையில்தான்.

மகள் அப்போது வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். சாமான் இறக்கும்போது ஒத்தாசைக்கு வந்தவள் அன்று மதியத்துக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நீ கிளம்புடி" என்று டெய்லரம்மாவே பஸ் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்வது டவுன் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில்தான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். "வீட்டுக்கு வரேம்மா" என்று மகளும் சொல்லமாட்டாள், "வாயேன்" என்று இவளும் கூப்பிடமாட்டாள்.

குடிவந்த அன்று தங்கை வேலியோரம் வந்து நின்றாள். நர்சரியில் காலித்தொட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் இப்போது டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்தே?"

"வேற எங்க வாடகை கட்டுப்படியாகும்?"

தங்கை வேலியிலிருந்து கையை எடுத்தாள். "கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவெச்சாலும் குடிக்காதே. டேங்கர் வரும், அதைப் பிடி" என்றாள். போய்விட்டாள். பல வருஷத்துக்கப்புறம் அவள் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

டெய்லரம்மா மறுபடி மிஷினைப் போட்டாள். பழையபடி சட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டினாள். வாய் மட்டும் பழையபடி இல்லை. புருஷன்கூட ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டான். வேலை முடிந்து வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்பான்.

ஏரிக்கரைப் பக்கத்தை ஒருநாள் நகராட்சியோடு சேர்த்தார்கள். ஓட்டு வந்ததும் அங்கேயும் பெண்களுக்குத் தைரியம் வந்தது. டெய்லரம்மா யார் என்று அவர்களுக்குத் தெரியும், என்ன செய்தாள் என்றும் தெரியும். இருந்தாலும் மனு எழுதத் தெரிந்தவள், சபை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "நீ கொண்டுவந்தது, நீயே எடுத்துட்டுப் போ" என்றாள் ஒரு சலவைக்காரி, நேருக்கு நேராக. அதற்கு அவள் கோபப்படவில்லை. மனு எழுதிக்கொண்டு நகராட்சிக்கு அவர்களோடு கூடப் போனாள்.

புதுத் தலைவர் இளைஞர், படித்தவர், வேகமானவர். முதல் சந்திப்பிலேயே நல்ல செய்தி சொன்னார். மேட்டை இங்கிருந்து எடுத்துவிடப்போகிறார்கள். ஊருக்கு வடக்கே கைவிட்ட கல்குவாரி இருக்கிறது, ஆழமான பள்ளம், எத்தனை வருஷத்துக்கும் போதும். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். சிலர் அங்கேயே அழுதார்கள்.

மறுநாள் டெய்லரம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குவாரிக்குப் போனாள். பள்ளத்தின் ஒரு பக்கம் கல் உடைக்கிறவர்களின் வீடுகள். தகரக் கூரை. கொடியில் பிள்ளைகளின் துணி காய்ந்தது. ஒருத்தி வந்து, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டாள். "யாரையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"குவாரிக்கிட்ட வீடுங்க இருக்கு."

"இருக்கும்" என்றாள் தங்கை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீடு இல்லாத எடம் எது? கேக்காம இருந்தா தெரியாதுன்னு இருந்துக்கலாம்னு பாத்தேன். நீ போயிப் பாத்துட்டு வந்துட்டே."

"நான் சபையில சொல்லப்போறேன்."

"சொன்னா இங்கேயேதான் கொட்டுவாங்க."

"ஆமா."

தங்கை வெளுத்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் எழுந்து போய்த் தட்டு எடுத்துவந்தாள்.

சபையில் பொதுமக்களும் பேசலாம் என்று வைத்த நாளில் டெய்லரம்மா எழுந்தாள். குவாரியில் இருக்கிறவர்களைப் பற்றிச் சொன்னாள். எங்கே கொண்டு போனாலும் அங்கே ஒரு தெரு இருக்கும் என்றாள். பழைய இன்ஜினியரின் யோசனையை எடுத்துச் சொன்னாள். அந்த இன்ஜினியர் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தாள். முதல் கொட்டகையை ஏரிக்கரையிலேயே போடுங்கள் என்றாள். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. "இவளை யாரு பேசச் சொன்னா?" என்றது ஒரு குரல். நாற்காலிகள் நகர்ந்தன. அவளோடு வந்த பெண்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஏரிக்கரையில் அவளிடம் துணி தைக்கக் கொடுப்பதும் குறைந்துபோனது.

அவள் பேச்சினால்தானா, வேறு எதனாலோ, குவாரி விஷயம் கிடப்பில் விழுந்தது. குவாரி நிலத்தின் மேல் யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள் என்றும் சொன்னார்கள். குப்பை ஏரிக்கரைக்கே வந்துகொண்டிருந்தது. "அவளாலதான்" என்று தெரு முடிவு செய்தது. அவளும் மறுக்கவில்லை. கொட்டகைக்கு மட்டும் தலைவர் பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்தார். ஆனால், "இடம் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

இடத்தைத் தங்கை கொடுத்தாள். நர்சரி இருந்த துண்டு. யாரும் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலித்தொட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி அடுக்க ஆரம்பித்தாள். டெய்லரம்மா வேலியைத் தாண்டிப் போய் மறுபக்கம் பிடித்தாள். டெய்லரம்மாவின் புருஷன் வந்து தகரக் கூரையை முடுக்கிக் கொடுத்தான்.

"உனக்காகக் குடுக்கலை" என்றாள் தங்கை, தொட்டியைத் தூக்கிக்கொண்டே. "அவரு கையால கிளறின மண்ணு. அதுல ஏதாவது ஆகட்டும்னுதான்."

"சரி."

"மன்னிச்சுட்டேன்னும் நினைக்காதே."

"நினைக்கலடி."

கொட்டகை இப்போது நடக்கிறது. பக்கத்து இரண்டு தெருக்காரர்கள் பிரித்துக் கொடுக்கிறார்கள். மற்றத் தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அக்காவும் தங்கையும் வேலை முடிந்து வந்து ஆளுக்கொரு மண்வெட்டியோடு குவியலைப் புரட்டிப் போடுவார்கள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. உரம் நன்றாகவே ஆகிறது. வாங்கத்தான் ஆள் வருவதில்லை, அந்தப் பக்கத்து மண் என்றாலே பயப்படுகிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் மேடு வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. இவர்கள் எடுத்த இரண்டு தெருக் குப்பை அதில் எங்கே குறைந்தது என்று கேட்டால் காட்ட முடியாது. காற்று திரும்பினால் இரண்டு பேரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி மண்வெட்டியை எடுப்பார்கள்.